மாநாட்டை எங்கே கூட்டுவது, யார் முன்னின்று நடத்துவது: வடசென்னைக் கிளைக்கு முன்னுள்ள வழிகள்

எங்கள் கட்டடக் கலைஞர் சங்கத்தின் வடசென்னைக் கிளை, வரவிருக்கும் பொதுக்குழுவில் இரண்டு தீர்மானங்களை எடுக்க வேண்டியிருக்கிறது. வட்டார மாநாட்டை எங்கே, எப்போது கூட்டுவது என்பது ஒன்று. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குக் கிளையின் தலைமை எப்படி அமைய வேண்டும் என்பது மற்றொன்று. நிகழ்ச்சி நிரலில் இவற்றைத் தனித்தனிப் பொருள்களாகப் போட்டிருக்கிறார்கள்: மாநாட்டு இடம் மதிய உணவுக்கு முன், தலைமை உணவுக்குப் பின். இரண்டும் ஒரே கேள்வி என்பது என் எண்ணம். மாநாடு எந்த இடத்தில் நடக்கிறது என்பதைப் பொறுத்தே அதற்கு உழைக்க யார் வருவார்கள் என்பது அமைகிறது. அப்படி வந்து உழைத்தவர்களிடமிருந்துதான் பிற்பாடு தலைவர்கள் கிடைக்கிறார்கள். தண்டையார்பேட்டையில் பத்தொன்பது ஆண்டுகளாக அலுவலகம் நடத்தி, இந்தக் கிளையின் நிர்வாகக் குழுவில் இரண்டு முறை இருந்தவன் என்ற முறையில், எங்கள் முன் உள்ள வழிகளை ஒப்பிட்டு எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

முதலில் சங்கத்துக்கு எந்த அதிகாரம் உண்டு, எது இல்லை என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. கட்டடக் கலைஞர் என்ற பட்டத்தை யார் பயன்படுத்தலாம் என்பதை முடிவு செய்வது 1972ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டமும் அதன்கீழ் அமைந்த கட்டடக்கலை மன்றமும்தான். பதிவு பெறாதவர் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று அச்சட்டத்தின் 37ஆம் பிரிவு சொல்கிறது. சங்கமோ விரும்பிச் சேர்ந்தவர்களின் கூட்டு. அதன் கிளைத் தலைவரால் யாரையும் எதற்கும் கட்டாயப்படுத்த முடியாது. உரிமத்தை நிறுத்தவோ அபராதம் விதிக்கவோ முடியாது. உறுப்பினர்கள் தங்கள் தொழில் நேரத்திலிருந்து பிய்த்துக் கொடுக்கும் மணிகள் மட்டுமே அவருடைய மூலதனம். கேட்டவுடன் வந்து நிற்கும் ஆட்கள் இருந்தால் அவர் தலைவர். இல்லாவிட்டால் அவருக்கு மிஞ்சுவது முகவரி அச்சிட்ட தாள் மட்டும்.

இந்தத் தொழிலின் பெரிய அமைப்புகள் எல்லாம் இதே சிக்கலைச் சந்தித்தவைதாம். 1857இல் நியூயார்க்கில் பதின்மூன்று பேர் கூடித் தொடங்கிய அமெரிக்கக் கட்டடக் கலைஞர் நிறுவனம், உள்ளூர்க் கிளைகளின் மீது நின்று வளர்ந்தது. அதன் தேசிய மாநாடு ஊர் மாறி ஊர் போகிறது. மும்பையில் 1917இல் ஒரு மாணவர் சங்கமாகத் தொடங்கிய இந்தியக் கட்டடக் கலைஞர் நிறுவனமும் மாநிலப் பிரிவுகள், நகர மையங்கள் என்று கிளைத்ததால்தான் நாடு முழுதும் பரவியது. 1948இல் லோசானில் உருவான கட்டடக் கலைஞர்களின் பன்னாட்டு ஒன்றியம் மூன்றாண்டுக்கு ஒருமுறை வெவ்வேறு நகரங்களில் மாநாடு கூட்டுகிறது. 2023இல் கோபன்ஹேகன், 2026இல் பார்சிலோனா. மாநாட்டை ஏற்று நடத்தும் ஊர்தான் அந்த முறை உழைக்கிறது, கற்கிறது, ஆள் சேர்த்துக்கொள்கிறது. எங்கள் கிளை மட்டும் வடசென்னை என்ற பெயரைத் தாங்கிக்கொண்டு தென்சென்னையில் மாநாடு கூட்டுகிறது.

அந்தப் பழக்கத்தையே முதல் வழியாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான மூத்த உறுப்பினர்கள் அதையே விரும்புகிறார்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திர ஓட்டல். குளிரூட்டிய கூடம், அதை ஒட்டி உணவுக்கூடம், வெளியே விளம்பரதாரர்களின் அரங்குகள், மேலே விருந்தினர் அறைகள். இதன் வசதியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஒலிபெருக்கி வேலை செய்யும், கழிவறை சுத்தமாக இருக்கும், மின்சாரம் போனால் யாரும் டீசலைத் தேடி ஓட வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வரும் சிறப்புப் பேச்சாளர் காரில் இருந்து இறங்கி நேரே மேடைக்கு வந்துவிடலாம். டைல்ஸ், பெயின்ட், கண்ணாடி, லிஃப்ட் நிறுவனங்கள் ஓட்டல் என்றால் தயங்காமல் பணம் தருகின்றன. சங்கச் செயலாளருக்கு ஒரே ஒப்பந்தம், ஒரே ரசீது.

ஆனால் அந்த ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தவர்களுக்கு அதன் மறுபக்கம் தெரியும். உணவு தட்டுக்கணக்கில் வருகிறது. இத்தனை தட்டுக்குக் குறையாது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். 250 பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டாம் நாள் 170 பேர் வந்தால், வராத 80 பேரின் சாப்பாட்டுக்கும் சங்கம் பணம் கட்டுகிறது. அந்தப் பளுவைத் தாங்கப் பதிவுக் கட்டணத்தை உயர்த்துகிறோம். கட்டணம் உயர்ந்ததும் இளைய உறுப்பினர்கள் நின்றுவிடுகிறார்கள். அவர்கள் நின்றதால் விழும் பள்ளத்தை நிரப்ப விளம்பரதாரர்களுக்குக் கூடுதல் மேடை நேரம் தருகிறோம். நான் கடைசியாகக் கலந்துகொண்ட மாநாட்டில், சமூகக் குடியிருப்பு பற்றிய ஒரே ஒரு கட்டுரைக்கு இருபது நிமிடம் கிடைத்தது. சமையலறைத் தட்டுமுட்டுகளின் செயல்விளக்கத்துக்கு முக்கால் மணி நேரம் கிடைத்தது. யாரும் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்யவில்லை. கணக்கு அங்கே இழுத்துக்கொண்டு போயிற்று.

இன்னொரு காட்சியும் என் மனத்தில் நிற்கிறது. காலடிப்பேட்டையிலிருந்து வந்த ஓர் இளம் உறுப்பினர், தன் குடும்பத்தில் முதல் பட்டதாரி, அந்த மாநாட்டில் மாலை நான்கு மணிக்கே கிளம்பிவிட்டார். மாலைக் குழு விவாதத்தில் அவர் பேசுவதாக இருந்தது. மறுநாள் காலை தளத்தில் கான்கிரீட் போடுகிறார்கள், இரவு விருந்து முடிந்து வீடு சேர நள்ளிரவாகிவிடும் என்றார். அந்த விவாதத்தின் முடிவில்தான் அடுத்த ஆண்டுக்கான பணிக்குழு அமைக்கப்பட்டது. அங்கே இருந்தவர்களின் பெயர்கள் எழுதப்பட்டன. அவர் பெயர் எழுதப்படவில்லை. இரண்டு ஆண்டுகளாக அவர் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. தகுதியான ஆள் கிடைக்கவில்லை என்று பொதுக்குழுவில் குறைப்படும்போதெல்லாம் எனக்கு அந்த நான்கு மணிதான் நினைவுக்கு வருகிறது.

இரண்டாவது வழி, ஜார்ஜ் டவுனில் ஒரே அரங்கத்தில் இரண்டு நாளையும் நடத்துவது. எஸ்பிளனேடில் உள்ள ராஜா அண்ணாமலை மன்றம் போன்ற ஓர் அரங்கை இதற்குச் சொல்கிறார்கள். இடம் பற்றி எனக்கு எந்த மறுப்பும் இல்லை. உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையத்திலிருந்தும் கடற்கரை ரயில் நிலையத்திலிருந்தும் நடந்துவிடலாம். கோட்டை, 1892இல் திறந்த உயர் நீதிமன்றக் கட்டடம், பாரிமுனையின் டேர் ஹவுஸ், ஆர்மீனியன் தெருவில் 1772ஆம் ஆண்டின் ஆர்மீனியத் தேவாலயம் என்று மூன்று நூற்றாண்டுக் கட்டடக்கலை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வாடகையும் ஓட்டலோடு ஒப்பிட முடியாத அளவு குறையும்.

குறை அரங்கத்தின் அமைப்பில் இருக்கிறது. அது பாட்டுக்கும் நாடகத்துக்கும் கட்டிய வகை: ஒரு மேடை, அதை நோக்கி வரிசையாகப் பதித்த இருக்கைகள். முந்நூறு பேர் ஒரே திசையில் பார்த்து உட்கார்ந்து கேட்கலாம். பதினைந்து பேர் ஒரு வரைபடத்தைச் சுற்றி நின்று சண்டை போட முடியாது. எங்கள் தொழிலில் உருப்படியான பேச்சு எப்போதும் வரைபடத்தைச் சுற்றியே நடக்கிறது. மேடையில் பேசியவர் இறங்கிப் போன பிறகு கூட்டமும் கலைந்துவிடும். சொற்பொழிவுக்கு இது நல்ல வழி. ஆள் உருவாக்க இது போதாது.

பெரம்பூர்ப் பக்கம் நடத்தலாம் என்றும் சிலர் சொன்னார்கள். 1955இல் தொடங்கிய இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, மூடப்பட்ட பக்கிங்ஹாம் கர்னாட்டிக் ஆலை என்று தொழில்நகர வரலாறு அங்கே கொட்டிக் கிடக்கிறது. இரண்டாம் கட்ட மெட்ரோ பெரம்பூரைத் தொட்ட பிறகு அதை எடுத்துக்கொள்ளலாம். இந்த முறை வேண்டாம்.

மூன்றாவது வழியை, வேறு நல்ல பெயர் கிடைக்கும்வரை, தட மாநாடு என்று அழைக்கிறேன். ஒரே கூடத்தில் அடைந்து கிடக்காமல், மெட்ரோவின் நீலத் தடத்தை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, அதையொட்டி மூன்று எளிய இடங்களில் மாநாட்டைப் பிரித்து நடத்துவது. 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டைவரை வந்த இத்தடம் 2021 பிப்ரவரியில் விம்கோ நகருக்கு நீண்டது. சர் தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை, புது வண்ணாரப்பேட்டை, டோல்கேட், காலடிப்பேட்டை, திருவொற்றியூர் தேரடி என்று அதன் நிலையப் பெயர்களே வடசென்னையின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டு போகின்றன. காலடிப்பேட்டை என்பது நெசவாளர்களைக் குடியமர்த்திய கவர்னர் காலெட்டின் பெயர் நம் நாவில் உருண்டு வந்த வடிவம் என்பதை வெளியூர் உறுப்பினர்களுக்கு ரயிலிலேயே சொல்லலாம். முக்கியமானது என்னவென்றால், இதே தடத்தின் மறுமுனை விமான நிலையம். வெளியூர்ப் பேச்சாளர் இறங்கி மாறாமல் ஒரே ரயிலில் உயர் நீதிமன்றத்துக்கோ தேரடிக்கோ வந்துவிடலாம். வடசென்னை வெகுதூரம் என்ற பழைய மறுப்புக்கு இன்று அடிப்படை இல்லை.

முதல் நாள் காலை ஜார்ஜ் டவுன் அரங்கில் தொடக்கமும் பொது அமர்வும். வடசென்னை வளர்ச்சித் திட்டம் 2024 மார்ச்சில் 4,181 கோடி ரூபாய் மதிப்பில் 219 பணிகளோடு தொடங்கி வைக்கப்பட்டது. பள்ளிகள், நூலகங்கள், பேருந்து முனையங்கள், குடியிருப்புகள், கரையோர மேம்பாடு என்று எங்கள் தொழிலைத் தொடாத பணி அதில் குறைவு. பெருநகர வளர்ச்சிக் குழும அதிகாரிகளும் இந்தப் பகுதியில் தொழில் செய்யும் கட்டடக் கலைஞர்களும் ஒரே அறையில் அமர்ந்து பேச இதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை. அதோடு, சென்னைப் பெருநகர வளர்ச்சிக்கு 2026ஐ இலக்காக வைத்த இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் முடிந்து மூன்றாவது உருவாகும் நேரத்தில், ஜார்ஜ் டவுனின் ஒடுங்கிய, சுவரோடு சுவர் ஒட்டிய மனைகளுக்கு 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் எங்கே பொருந்துகின்றன, எங்கே இடிக்கின்றன என்பதைச் சொல்ல வேண்டிய கடமையும் எங்களுக்கு உண்டு.

பிற்பகலில் பழைய சிறைச்சாலைச் சாலைக்குப் போக வேண்டும். பிரெஞ்சுக்காரர்களும் ஹைதர் அலியும் தந்த அச்சத்தில் பதினெட்டாம் நூற்றாண்டில் நகரைச் சுற்றி எழுப்பிய மதிலில் மிஞ்சிய துண்டு அங்கேதான் நிற்கிறது. அதன் மேல் உள்ளதை மக்கள் மாடிப் பூங்கா என்கிறார்கள். மதிலுக்காக வசூலிக்க நினைத்த வரியின் பெயர் வால்டாக்ஸ் சாலையாக இன்றும் நிலைத்திருக்கிறது. அங்கிருந்து தங்கச் சாலை வழியாகத் திரும்பும்போது பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் கூரைகளைக் காட்டலாம்: மரச்சட்டங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில் கோணலாக அடுக்கி, சுண்ணாம்புச் சாந்தில் பிணைத்து, செங்கல் ஜல்லி போட்டு இடித்து இறுக்கிய தளம். ஐந்தாண்டு படித்து வரும் மாணவர்கள் இதைப் பாடத்தில் வரைகிறார்கள்; கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை. அதை இன்றும் பழுதுபார்க்கத் தெரிந்த கொத்தனார் ஒருவரை, பார்வையாளராக அல்ல, பேச்சாளராக அழைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இரண்டாம் நாள் விடியற்காலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். ஏலம் போடும் தளம், பனிக்கட்டி வண்டி, வலை பின்னும் நிழல், தண்ணீர் வடியும் சரிவு ஆகியவற்றை அந்த நேரத்தில் ஒருமுறை பார்த்தவர், சந்தைக் கட்டடம் என்றால் என்ன என்பதை வேறு விதமாக வரைவார். அங்கிருந்து 1856இல் திறந்த இராயபுரம் ரயில் நிலையம். தென்னிந்தியாவின் முதல் ரயில் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்ட இடம். பிறகு டி.எச். ரோடு என்னும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய கல்லூரி அரங்கு ஒன்றில் கட்டுரை அமர்வுகள். கல்லூரியில் வகுப்பறைகள் உண்டு, நாற்காலிகளை நகர்த்தலாம், ஒரே நேரத்தில் நான்கு குழுக்கள் உட்காரலாம்.

பிற்பகல் அமர்வுதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. திருவொற்றியூரில் ஒரு சமுதாயக் கூடத்தில், வாரியக் குடியிருப்புகளில் வாழ்பவர்களோடு அமர்ந்து பேசுவது. குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கியது. 2021இல் அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. அதே 2021இல் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் பூச்சு உதிர்ந்த செய்தியும், திருவொற்றியூரில் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு இடிந்து விழுந்த செய்தியும் வந்தன. இந்த இரண்டையும் பற்றி எங்கள் கிளை ஒரு வரி அறிக்கை வெளியிடவில்லை. வெட்கத்தோடு இதை எழுதுகிறேன், நானும் அப்போது நிர்வாகக் குழுவில் இருந்தேன். குடியிருப்பவர்களின் வீட்டுக்குள் கூட்டமாக நுழைந்து படம் எடுக்கும் சுற்றுலாவாக இது ஆகிவிடக் கூடாது. முன்கூட்டியே குடியிருப்போர் சங்கத்தோடு பேசி, அவர்கள் எதைச் சொல்ல விரும்புகிறார்களோ அதை அவர்களே மேடையில் சொல்ல, நாங்கள் கீழே உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டும்.

இந்த வழியின் குறைகளை மறைக்கப் போவதில்லை. மூன்று இடங்கள் என்றால் மூன்று அனுமதிகள், மூன்று ஒலிபெருக்கிக்காரர்கள், மூன்று இடத்துக் கழிவறைகள். ரயில் நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் குழுவாகப் போக முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். தெருவில் நடப்பதற்குக் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும். விளம்பரதாரர்களின் அரங்குகளை ஓரிடத்தில்தான் போட முடியும். அதனால் அவர்கள் தரும் தொகை குறையும். டி.எச். ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டினால் பேருந்து நகராது. மெட்ரோவை நம்பித்தான் திட்டமிட வேண்டும். ஓட்டலில் ஆறு பேர் செய்யும் வேலைக்கு இங்கே முப்பது பேர் வேண்டும். பலரும் இதைத்தான் பெரிய குறையாகச் சொல்கிறார்கள். எனக்கோ இந்த வழியின் பெரிய பலமே அந்த முப்பது பேர்தான். அதைத் தலைமை பற்றிப் பேசும் இடத்தில் விளக்குகிறேன்.

நாள் குறிப்பதில் வழக்கமாகத் தவறு செய்கிறோம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை; 2015இலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் வடசென்னை எப்படிக் கிடந்தது என்பதைக் கண்டவர்கள் அந்த மாதங்களில் நடைப்பயணத்துக்குத் தேதி குறிக்க மாட்டார்கள். டிசம்பரில் தமிழ் இசைச் சங்க விழாவும் இருப்பதால் ராஜா அண்ணாமலை மன்றம் கிடைப்பது கடினம். பொங்கலுக்குப் பிறகு வானிலை இனிமையானது, ஆனால் தை பிறந்தால் கல்யாணம். மண்டபமும் சமையல் கான்ட்ராக்டரும் முகூர்த்த நாள்களில் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். மாசியில் திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயில் பிரம்மோற்சவம், தேரடியில் கூட்டம். ஏப்ரல், மே மாதங்களில் வெயிலோடு, கல்லூரிகளில் இறுதி ஆண்டு மதிப்பீடுகளும் சேர்ந்துகொள்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை; காசிமேட்டில் படகுகள் கரையேறி நிற்கும், சந்தையின் இயக்கம் தெரியாது.

மிஞ்சுவது ஆடி. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை கல்யாணங்கள் இல்லாததால் கூடங்கள் காலியாக இருக்கும், வாடகையைப் பேசிக் குறைக்கலாம், சமையல்காரர்கள் வேலை தேடிக்கொண்டிருப்பார்கள். மீன்பிடித் தடை முடிந்திருக்கும். கல்லூரிகளில் பருவத்தின் தொடக்கம். ஆசிரியர்கள் மாணவர்களை அனுப்பத் தயங்க மாட்டார்கள். மாலையில் ஒரு மழை பெய்யலாம், குடை போதும். ஒரே ஓர் எச்சரிக்கை: ஆடி ஞாயிறுகளில் வடசென்னையின் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள், தெருவை அடைத்துப் பந்தல் போடுவார்கள், ஒலிபெருக்கிக்கு முன் எந்தக் கட்டுரையாளரும் நிற்க முடியாது. ஆகவே சனி, ஞாயிறு என்ற வழக்கத்தை விட்டு வெள்ளி, சனி என்று வைக்க வேண்டும். வெள்ளி வேலைநாள் என்பதால் அரசு அதிகாரிகளை அலுவல் முறையில் அழைக்கலாம் என்பது கூடுதல் பலன்.

இனித் தலைமை. இதற்கும் மூன்று யோசனைகள் வந்திருக்கின்றன. கிளைத் தலைவரே மாநாட்டு ஒருங்கிணைப்பாளராகவும் இருப்பது முதலாவது. இதுவரை நடந்ததும் இதுவே. ஒரே குரல், ஒரே கையெழுத்து. விளம்பரதாரருக்கும் அரசு அலுவலகத்துக்கும் யாரிடம் பேசுவது என்ற குழப்பம் இல்லை. ஆனால் மாநாடு இருக்கும் ஆண்டில் அவர் மாநாட்டைத் தவிர வேறு எதையும் செய்ய முடிவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன், கட்டட விதித் திருத்தம் ஒன்றுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்டுக் கெடு வைத்திருந்தார்கள். ஒட்டிக்கட்டும் பகுதிகளில் விடவேண்டிய பக்கவெளி பற்றி எங்கள் உறுப்பினர்கள் நல்ல குறிப்பு ஒன்றைத் தயாரித்திருந்தார்கள். அதில் கையெழுத்திட வேண்டியவர் அந்த வாரம் முழுவதும் மேடை அலங்காரக்காரரோடும் உணவுப் பட்டியலோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கெடு கடந்துபோயிற்று. அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இரண்டு ஆள் வேலையை ஒருவர் தலையில் ஏற்றிய நாங்கள் எல்லோருமே அதற்குப் பொறுப்பு.

நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்துவிடலாம் என்பது இரண்டாவது. வேலை சீராக நடக்கும் என்பதில் ஐயமில்லை. ஓட்டல் மாநாட்டுக்கு அது பொருந்தவும் செய்யும். ஆனால் மாநாடு முடிந்த மறுநாள் அவர்கள் கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு போகும்போது, எந்தக் காவல் நிலையத்தில் யாரைப் பார்ப்பது, எந்தக் கூடத்தின் பின்கதவுச் சாவி யாரிடம், எந்தக் குடியிருப்போர் சங்கத் தலைவி என்ன கேட்டார் என்ற அறிவையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கிளைக்குச் சேர வேண்டிய சொத்து அதுதான்.

மூன்றாவது யோசனையை நான் ஆதரிக்கிறேன். கிளைத் தலைவர் மாநாட்டை நேரடியாக நடத்தாமல், அதன் கணக்கில் மட்டும் பொருளாளரோடு கையெழுத்திட வேண்டும். மாநாட்டுக்கு இருவர் பொறுப்பேற்க வேண்டும்: அனுபவமுள்ள மூத்தவர் ஒருவர்; வடசென்னையிலேயே தொழில் செய்யும், நாற்பது வயதுக்கு உட்பட்ட ஒருவர். அடுத்த மாநாட்டில் இளையவர் முதற்பொறுப்புக்கு உயர்ந்து, தனக்கு ஓர் இளையவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இவர்களுக்குக் கீழே ஜார்ஜ் டவுன், இராயபுரம் முதல் தண்டையார்பேட்டை வரை, திருவொற்றியூர், எண்ணூர் என்று பகுதிக்கொரு பொறுப்பாளரும், ஒவ்வொருவரோடும் ஏழெட்டுப் பேரும். முன்பு சொன்ன முப்பது பேர் இவர்கள்தாம். அனுமதி கேட்டு அலைந்து, கூடம் பார்த்து, கொத்தனாரையும் குடியிருப்பவர்களையும் மேடைக்கு அழைத்து வந்த ஒருவரிடம், இரண்டு ஆண்டு கழித்துக் கிளையின் செயலாளர் பொறுப்பை ஒப்படைக்க யாரும் தயங்க மாட்டார்கள்.

இந்த முப்பது பேரில் பெண்கள் எத்தனை பேர் என்பதையும் தொடக்கத்திலேயே கேட்க வேண்டும். கட்டடக்கலை வகுப்புகளில் பெண்கள் எவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்பதைக் கற்பிக்கச் செல்லும் உறுப்பினர்கள் அறிவார்கள். எங்கள் நிர்வாகக் குழுவின் புகைப்படத்தில் அவர்களைத் தேட வேண்டியிருக்கிறது. கூட்டங்களை இரவு எட்டு மணிக்கு ஊருக்கு மறுகோடியில் வைத்துக்கொண்டு, அவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று சொல்வது நியாயமல்ல. மாநாட்டுக் குழுக் கூட்டங்கள் மாலை ஐந்து மணிக்கு, மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் நடக்க வேண்டும் என்று தீர்மானத்திலேயே எழுதிவிடலாம்.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்லூரி அரங்கிலும் சமுதாயக் கூடத்திலும் வாடகை குறைவு. சமையலை இலைக்கணக்கில் ஒப்படைத்தால், முதல் நாள் பதிவைப் பார்த்து மறுநாள் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ள முடியும். ஓட்டல் கூடத்தின் வாடகை மீது வரும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சிறிய தொகையின் மீது விழும்போது வலிக்காது. விளம்பர வருவாய் குறைவதால் மொத்தத்தில் மிச்சம் பெரிதாக இராது. ஆனால் பதிவுக் கட்டணத்தை இளையவர்களும் மாணவர்களும் தாங்கும் அளவுக்குக் கொண்டுவரலாம். ஜெனரேட்டர் டீசல், துப்புரவு, மின்சார யூனிட் ஆகியவற்றைக் கூடக்காரரோடு எழுத்தில் பேசிக்கொள்ள மறக்கக் கூடாது. பிற்பாடு சண்டை வருவது இந்த மூன்றில்தான்.

மூத்த உறுப்பினர்கள் நடப்பது கடினம் என்ற மறுப்பு நியாயமானது. மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் உண்டு. நிலையத்திலிருந்து கூடத்துக்கு ஆட்டோக்களை முன்பே அமர்த்தி வைக்கலாம். காசிமேட்டுக்கு வர இயலாதவர்கள் நேரே கல்லூரிக்கு வந்துவிடலாம். இதற்கென்று ஒரு பகுதிப் பொறுப்பாளரைத் தனியாக நியமிக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும் பொதுக்குழு ஏற்க வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு இல்லை. ஓட்டலே போதும் என்று பெரும்பான்மையோர் சொன்னால் அங்கேயும் நான் நாற்காலி தூக்க வருவேன். ஆனால் இடத்தைக் காலையில் முடிவு செய்துவிட்டு, தலைமையைச் சாப்பாட்டுக்குப் பிறகு, பாதிப் பேர் கிளம்பிப் போன கூட்டத்தில் எடுத்துக்கொள்வதை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டு பொருள்களையும் ஒன்றாகச் சேர்த்து உணவுக்கு முன்பே விவாதிக்க வேண்டும் என்று செயலாளருக்கு எழுத்துமூலம் கேட்டிருக்கிறேன். அந்தக் கடிதத்தில் கையெழுத்திட விரும்பும் உறுப்பினர்கள் தண்டையார்பேட்டை அலுவலகத்துக்கு எந்த மாலையும் வரலாம்.